திருத்தத்துக்கு உட்பட்டது

ஆற்றின் அடியில் ஒரு குழாய்.
அதன் வாயிலிருந்து நைட்ரஜன்
ஒவ்வொரு குமிழாய் வெளியேறும்.
குமிழை வெளியே விடத் தண்ணீர்
எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ
அவ்வளவு ஆழம்.
வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

மணிக்கொரு முறை அந்த முரண்டு
செயற்கைக்கோள் ஏறி இறங்கி
யெல்லோநைஃபில் என் திரையில்
ஒரு புள்ளியாய் உட்காரும்.

அக்டோபர் கடைசியில்
புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுவேன்.
பனிக்கட்டியின் குறுக்கீடு என்று அர்த்தம்.
அதாவது: எண் இருக்கிறது, நம்பாதே.
மே மாதம்தான் அதை எடுப்பேன்.
ஏழு மாதம்
ஓர் ஆற்றைச் சந்தேகிக்கச் சம்பளம் எனக்கு.

அந்த மே பத்தொன்பது, இரவு பதினொன்று.
அங்கே வெளிச்சம் இன்னும் போகவில்லை.
ஊசிக்கல் ஆற்றின் கோடு
படுக்கையிலிருந்து எழுவதுபோல் எழுந்தது.
ஐம்பது நிமிடத்தில் இரண்டு மீட்டர்.
கீழ்வளைவில் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி
அடைத்திருக்க வேண்டும்.

டெல்ஃபீன் யகேலேயாவைக் கூப்பிட்டேன்.
அந்த நிலையத்துக்கு அவள்தான் கண்.
மாதம் முந்நூறு டாலர், வாரம் இரண்டு புகைப்படம்,
ஒவ்வொன்றிலும் மூலையில் அவள் கட்டைவிரல்.
"பேசாதே" என்றாள்.
போனை ஆற்றின் பக்கம் நீட்டினாள்.
சரக்கு ரயில் ஒன்று
படிக்கட்டில் இறங்கும் சத்தம்.

ஒன்பது புள்ளி நாற்பத்தெட்டு.
பதிவேடு தொடங்கிய நாளிலிருந்து இதுதான் உச்சம்.
செய்தித்தாள் கேட்டது, கொடுத்தோம்.
அமைச்சர் அலுவலகம் கேட்டது, கொடுத்தோம்.
"ஆணியைத் தொடவில்லையே" என்றாள் டெல்ஃபீன்.
எண்பத்தொன்பது வெள்ளத்தில்
தண்ணீர் நின்ற இடத்தில், வீட்டுச் சுவரில்,
அவள் அண்ணன் எட்மண்ட் அடித்த ஆணி.
எங்கள் கருவி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தவறாது
என்று பணிவாகச் சொன்னேன்.
"எங்கள் ஆணிக்குக் கணக்கே தெரியாது,
தவறுவதற்கு" என்றாள்.

ஆகஸ்டில் ஹெலிகாப்டர் என்னை இறக்கிவிட்டுப் போனது.
கொசு வலைக்குள் மூச்சு வியர்த்தது.
முக்காலியை ஊன்றி
பாறையில் பதித்த பித்தளைக் குறியிலிருந்து
நிலையம் வரை மட்டம் பார்த்தேன்.
கணக்கு உதைத்தது.
திரும்பப் பார்த்தேன். மறுபடியும்.

ஆறு சென்டிமீட்டர்.
அந்த ஆறு
ஆற்றுடையது அல்ல.
நிலையம் இறங்கியிருந்தது.
நிரந்தர உறைநிலம் என்று
பரீட்சையில் நான் எழுதிய நிலம்
பாசிக்கு அடியில் சத்தமில்லாமல் இளகி
குழாயையும் கொட்டகையையும் என்னையும்
தாழ்த்திக்கொண்டிருந்தது.
எங்களுக்குத் தண்ணி காட்டியது
தண்ணீர் அல்ல, தரை.

ஒன்பது நாற்பத்திரண்டு. உச்சம் பறிபோனது.
எண்பத்தொன்பதுக்கு மூன்று விரற்கிடை கீழே
இரண்டாம் இடம்.
எந்த நாளிலிருந்து இறங்கத் தொடங்கியதென்று தெரியாமல்
நான்கு வருடங்களின் ஒவ்வொரு மணியிலிருந்தும்
கொஞ்சம் கொஞ்சமாய்க் கழிக்க வேண்டும்.
நடந்து முடிந்த தண்ணீரை
நாற்காலியில் உட்கார்ந்து வடிப்பது.

டெல்ஃபீன் கெண்டியோடு வந்தாள்.
சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"அப்படியானால் என் வீடு?" என்றாள்.

அதற்குப் படிவத்தில் இடமில்லை.
முக்காலியைத் திருப்பினேன்.
அளவுகோலை ஆணியின் மேல் நிறுத்திப்
பிடித்துக்கொண்டு நின்றாள், கட்டைவிரல் தெரிய.
வீடு கட்டிய வருடம் யாரோ எடுத்த மட்டம்
கிராம அலுவலகக் கோப்பில் இருந்தது.
பத்தொன்பது சென்டிமீட்டர்.
இத்தனை இறங்கிய பிறகும்
அந்த இரவில் தண்ணீர் ஆணியை எட்டவில்லை.
அவள் சொன்னது சரி,
அவளே நினைத்ததைவிடச் சரி.

அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கிழக்குக் கதவு
சாத்த மாட்டேன் என்கிறது" என்றாள்.
"இரண்டு வருடமாய்க் கீலைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்."